வெளியே அனுப்பும் நாளுக்கு என்ன ஏற்பாடு? போதை மறுவாழ்வு மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் போதை மறுவாழ்வு மையங்களை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அங்கே பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆலோசகர்களுக்கும், அந்த மையங்களைப் பதிவு செய்து ஆய்வு நடத்தும் மாநில மனநல ஆணையத்தின் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

பல மையங்களில் சிகிச்சை நாள் கணக்கில் நடக்கிறது. 30 நாள், 60 நாள், 90 நாள். குடும்பமும் அந்தக் கணக்கில்தான் பணம் கட்டுகிறது. உள்ளே இருக்கும்வரை போதைப்பொருள் கிடையாது, பழைய கூட்டாளிகள் கிடையாது, கைப்பேசி கிடையாது. கெடு முடிந்ததும் ஒரு கையெழுத்து, ஒரு பை மாத்திரை, வீட்டுக்குப் பயணம். பொருளைத் தொடாமல் இருக்க இருக்க மூளை அதை மறந்துகொண்டே வரும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது.

நினைவைப் பற்றியும் போதைச் சார்பைப் பற்றியும் கடந்த சில பத்தாண்டுகளில் வந்த ஆய்வுகளைப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்காது. அடைத்து வைத்திருக்கும் நாட்களில் இரண்டு மாற்றங்கள் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. போதையை நினைவூட்டும் பொருளுக்கும் இடத்துக்கும் மூளை காட்டும் எதிர்வினை ஏறுகிறது. போதைப்பொருளைத் தாங்கும் உடலின் திறன் இறங்குகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து நிற்பது நீங்கள் கதவைத் திறந்து அனுப்பும் நாளில். அந்த நாளுக்கான ஏற்பாட்டைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் வேட்கை. நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள், இன்பத்தை நாட வைக்கும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. போதைப்பொருள் அந்தச் செய்தியைப் பல மடங்கு உரக்க ஒலிக்கச் செய்கிறது. அதே நேரத்தில் கண்ணில் பட்டவை, மூக்கில் ஏறியவை, உடனிருந்தவர்கள், நின்ற இடம் எல்லாம் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகள் வழியாக அதனோடு சேர்த்துக் கட்டப்படுகின்றன. இது நடக்க நெடுநாள் பழக்கம்கூடத் தேவையில்லை. எலிகளுக்கு ஒரே ஒரு முறை கோகெய்ன் கொடுத்தாலே டோபமின் நரம்பணுக்களின் இணைப்புகள் வலுப்பதையும், அந்த வலு 5-ஆம் நாளிலும் நீடித்து 10-ஆம் நாளுக்குள் தணிவதையும் 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு முறைக்கே இப்படியென்றால், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கட்டியதை 90 நாள் அவிழ்த்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதே 2001-இல் வந்த இன்னொரு ஆய்வை ஒவ்வொரு மைய நிர்வாகியும் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் பால்டிமோர் ஆய்வகத்தில் கிரிம், ஷஹாம் குழுவினர் எலிகளை ஒரு நெம்புகோலை அழுத்திக் கோகெய்ன் பெறப் பழக்கினார்கள். நாளுக்கு 6 மணி நேரம் வீதம் 10 நாள். ஒவ்வொரு முறை மருந்து ஏறும்போதும் ஒரு விளக்கும் ஒலியும். பிறகு மருந்தை அடியோடு நிறுத்தினார்கள். 1-ஆம் நாள் முதல் 60-ஆம் நாள்வரை வெவ்வேறு இடைவெளிகளில், வெவ்வேறு எலிக் குழுக்களை மருந்தே இல்லாமல் அந்த விளக்கையும் ஒலியையும் மட்டும் காட்டிச் சோதித்தார்கள். நாள் ஏற ஏற எலிகள் நெம்புகோலை இன்னும் அதிகமாக அழுத்தின. மருந்தின்றி இருந்த காலம் வேட்கையைத் தணிக்கவில்லை; அடைகாத்து வளர்த்தது.

மனிதரிடமும் இதன் சாயல் தெரிகிறது. கோகெய்ன் பழக்கத்தை 2 நாள் முதல் ஓராண்டுவரை நிறுத்தியிருந்த 76 பேரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்த ஆய்வு 2016-இல் வந்தது. வேட்கை எவ்வளவு என்று கேட்டால், நிறுத்திய காலம் கூடக்கூடக் குறைவாகச் சொன்னார்கள். கோகெய்ன் படங்களைப் பார்க்கும்போது எழுந்த மின்னலையோ ஏறி, 1 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையில் உச்சம் தொட்டு, பிறகுதான் இறங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. போதையை நினைவூட்டும் தூண்டல் கண்முன் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் மூளை எப்படித் துள்ளும் என்று தெரிய வழியில்லை. ஆகவே 60-ஆம் நாளில் ஆலோசகர் "ஆசை இருக்கா?" என்று கேட்டு, "இல்லைங்க" என்ற பதிலைப் பதிவேட்டில் எழுதி, அதைத் தேர்ச்சிச் சான்றாகக் கொள்வது தவறான அளவுகோல். அந்த 60-ஆம் நாள், உச்சத்துக்கு நடுவே நிற்கும் நாளாகவே இருக்கலாம்.

இனி தாங்குதிறன். ஹெராயின், மார்ஃபின், நம் ஊர்களில் பொடித்து ஊசியில் ஏற்றப்படும் டேபென்டடால் வலிநிவாரணி மாத்திரை போன்ற, அபின்போல் வேலை செய்யும் ஓபியாய்டு வகைகளில் உயிர் போவது இங்கேதான். இந்தப் பொருட்கள் மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் மையத்தை மட்டுப்படுத்துகின்றன. தொடர்ந்து எடுப்பவரின் உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது. நிறுத்திய சில நாட்களில் அந்தப் பழக்கம் கழன்றுவிடுகிறது. லண்டனில் உள்நோயாளியாக ஓபியாய்டு நச்சுநீக்கம் (பொருளை நிறுத்தி உடலிலிருந்து வெளியேற்றும் சிகிச்சை) செய்துகொண்ட 137 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-இல் வெளிவந்தது. அளவு மீறி இறந்தவர்கள் 3 பேர். மூவரும் சிகிச்சையை ஒழுங்காக முடித்து, தாங்குதிறனை இழந்திருந்த 37 பேரில் இருந்தவர்கள். பாதியில் ஓடிப்போனவர்கள் யாரும் அந்த மூவரில் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து வெளிவந்த 30,237 பேரைப் பற்றிய 2007-ஆம் ஆண்டு ஆய்வில், விடுதலைக்குப் பிந்தைய முதல் 2 வாரங்களில் போதைப்பொருள் அளவு மீறி இறக்கும் அபாயம் பொதுமக்களைவிட 129 மடங்கு இருந்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் நாட்களைக் கழித்தவர் என்ற அளவில் சிறைக்கைதியின் உடலுக்கும் மையத்தில் இருந்தவரின் உடலுக்கும் வேறுபாடு இல்லை.

தாங்குதிறனிலும் நினைவுக்குப் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்ட் சீகல் 1982-இல் வெளியிட்ட சோதனை இது. எலிகளுக்குக் குறிப்பிட்ட ஓர் அறையில் மட்டும் ஹெராயினைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்கிய பின், எல்லா எலிகளுக்கும் ஒரே பெரிய அளவைக் கொடுத்தார்கள். முன்பின் பழகாத எலிகளில் சுமார் 96 சதவீதம் இறந்தன. பழகிய எலிகளில், பழகிய அறையிலேயே பெற்றவை 32 சதவீதம் இறந்தன; அதே அளவு பழகியும், வேறு அறையில் பெற்றவை 64 சதவீதம் இறந்தன. பழகிய இடத்தைக் கண்டதும் உடல் வரப்போகும் மருந்துக்கு எதிராக முன்கூட்டியே தயாராகிறது. புது இடத்தில் அந்தத் தயாரிப்பு நடப்பதில்லை. மையத்திலிருந்து வெளியே வந்தவர் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு லாட்ஜ் அறையிலோ உறவினர் வீட்டுக் கழிப்பறையிலோ, பழைய அளவை, தனியாக எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த தாங்குதிறன், புது இடம், தூக்கிவிட ஆள் இல்லாமை என்று மூன்றும் அங்கே கூடிவிடுகின்றன.

"முன்பு எடுத்த அளவை இப்போது எடுத்தால் மூச்சு நின்றுவிடும்" என்று வெளியே அனுப்பும் முன் நேராகச் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்வது மறுபடி எடுக்க அனுமதி கொடுப்பதுபோல் ஆகிவிடும் என்று பல ஆலோசகர்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். ஆனாலும் அதற்கு உயிரை விலையாகக் கொடுக்க முடியாது. நோயாளியிடம் ஒரு முறை, குடும்பத்தாரை வைத்துக்கொண்டு ஒரு முறை, எழுத்தில் ஒரு முறை சொல்லுங்கள்.

ஓபியாய்டு சார்புள்ளவரை மருந்துத் துணை எதுவும் இல்லாமல் வெறுங்கையோடு அனுப்புவதை நிறுத்துங்கள் என்பது எங்கள் அடுத்த கோரிக்கை. 2003-இல் சுவீடனில் 40 பேரை இரு பாதியாகப் பிரித்தார்கள். 20 பேருக்கு நாளுக்கு 16 மி.கி. பியூப்ரினார்ஃபின் (ஓபியாய்டு வேட்கையை அடக்கும் மாற்று மருந்து) ஓராண்டு முழுவதும். மற்ற 20 பேருக்கு 6 நாளில் குறைத்து நிறுத்தி, பிறகு வெற்று மாத்திரை. இரு பக்கத்துக்கும் ஒரேமாதிரி தீவிர ஆலோசனை. ஓராண்டு முடிவில் முதல் பாதியில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இரண்டாம் பாதியில் ஒருவரும் இல்லை. அவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள். "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை" என்று இந்த மருந்தை ஒதுக்கும் மையங்கள் அந்த நான்கு பேரை மனத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டும். மாத்திரையை நாக்கின் அடியில் முழுதாகக் கரையும்வரை வைத்திருக்க வேண்டும். விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே வீணாகும். ஹெராயின் போன்ற குறுகிய நேரப் பொருளை நிறுத்திக் குறைந்தது 12 மணி நேரமாவது ஆகி, கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல் போன்ற, பொருள் நின்றதால் வரும் விடுபடல் அறிகுறிகள் தெளிவாகத் தொடங்கிய பிறகே 2 முதல் 4 மி.கி.யில் ஆரம்பிக்க வேண்டும். அவசரப்பட்டுக் கொடுத்தால் மருந்தே கடும் விடுபடல் அறிகுறிகளை இழுத்துவிடும். அந்த நோயாளி மறுபடி மருத்துவமனைப் பக்கம் வரமாட்டார். உங்கள் மையத்தில் தர இயலாவிட்டால் அரசின் ஓ.எஸ்.டி. (ஓபியாய்டு மாற்று மருந்துச் சிகிச்சை) மையத்தில் பெயர் பதிந்து, முதல் வேளையை அங்கே வாங்கிய பிறகு வீட்டுக்கு அனுப்புங்கள். முகவரிச் சீட்டைக் கையில் கொடுத்தால் மட்டும் வேலை முடிந்ததாகாது.

ஓபியாய்டின் செயலை முறிக்கும் நலாக்சோன் ஊசியும் வீட்டுக்குச் செல்ல வேண்டும். 0.4 மி.கி. ஆம்பூல் இரண்டு, ஊசி இரண்டு, படம் போட்ட ஒரு தாள். மருத்துவரின் சீட்டோடும் நேர்ப் பயிற்சியோடும். மருந்து இருந்தும் வரிசை தவறினால் உயிர் போகலாம், அதனால் குடும்பத்துக்குக் கற்றுத்தர வேண்டிய வரிசையைச் சொல்லிவிடுகிறோம். கூப்பிட்டு உலுக்கியும் விழிக்காதவர், குறட்டைபோலக் கரகரத்து மெதுவாக மூச்சு விடுபவர், நகமும் உதட்டின் உட்புறமும் நீலம் பாய்ந்தவர், கண்மணி குண்டூசித் தலைபோல் சுருங்கியவர் என்றால் உடனே 108. மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, 5 வினாடிக்கு ஒன்று என்று வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். மூளைக்கு அந்த நிமிடத்தில் தேவைப்படுவது ஆக்சிஜன், ஊசி அடுத்ததுதான். பிறகு தொடையின் வெளிப்புறத் தசையில் ஓர் ஆம்பூல். 2, 3 நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் இரண்டாவது. கண் விழித்துவிட்டாரே என்று விட்டுவிட்டுப் போவதுதான் மிகப் பெரிய தவறு. நலாக்சோன் 30 முதல் 90 நிமிடம்வரைதான் வேலை செய்யும். உள்ளே போன பொருள் அதைவிட நீண்ட நேரம் நிற்கும். மூச்சு மறுபடி தாழலாம். விழித்தவர் விடுபடல் வேதனையில் கோபப்பட்டு எழுந்து ஓடப் பார்ப்பார், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவது, உப்புத் தண்ணீர் புகட்டுவது, அறைவது எதுவும் உதவாது. மதுவுக்கும் தூக்க மாத்திரைக்கும் இந்த ஊசி வேலை செய்யாது. என்ன எடுத்தார் என்று தெரியாதபோது போடுவதால் தீங்கில்லை.

மதுவுக்காகச் சேர்பவர்களுக்கு ஆபத்தின் கடிகாரம் வேறு: நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாளுக்குள் நடுக்கத்தோடு கூடிய சித்தக் குழப்பம். குளுகோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாவிட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகச் சிதையலாம். காலை வகுப்பில் சொன்னது மாலையில் நினைவில்லாத நோயாளியை "ஒத்துழைக்காதவர்" என்று பதிவேட்டில் எழுதும் முன் அவருடைய நினைவைச் சோதித்துப் பாருங்கள்.

வேட்கைக்குத் திரும்பி வருவோம். நினைவை அழிக்க முடியாதென்றால் என்னதான் செய்வது? தூண்டலைக் காட்டி, பொருள் தராமல், திரும்பத் திரும்பப் பழக்கினால் எதிர்வினை தணியும் என்பது பழைய அறிவு. ஆனால் தணிவதற்குக் காரணம் பழைய நினைவு போய்விடுவதல்ல. சுவரெழுத்தின் மேல் சுண்ணாம்பு அடிப்பதுபோல, முன்மூளைப் புறணியின் உதவியோடு அதன் மேல் இன்னொரு பாடம் ஏறுகிறது. அந்தப் புதுப்பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறு இடத்தில் பழக்கிய எலியைப் பழைய கூண்டுக்குத் திருப்பினால் பழைய நடத்தை அப்படியே மீள்கிறது. தூண்டலைக் காட்டிச் செய்யும் மனிதச் சிகிச்சைகளை 2002-இல் தொகுத்துப் பார்த்தபோது அவை நிலையாகப் பலன் தந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அறைக்குள் செய்த பயிற்சி தெருவில் கைகொடுக்கவில்லை என்பது முக்கியமான ஒரு விளக்கம். இதன் மறுபக்கத்தை வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களிடம் ஆய்வாளர் லீ ராபின்ஸ் கண்டார். அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். போதையோடு நினைவைச் சேர்த்துக் கட்டிய இடத்தைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். உங்கள் நோயாளி கட்டிய இடத்துக்கே திரும்பிப் போகிறார்.

எனவே பயிற்சியின் ஒரு பகுதியாவது அந்த இடத்தில் நடக்க வேண்டும். சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும் தூண்டல் பட்டியல் எடுங்கள். பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பேருந்து நிறுத்தம், எந்தக் கடை வாசல், யாருடைய அழைப்பு, சம்பளம் கணக்கில் ஏறும் தேதி, எந்த நேரம், வயிறு காலியா, தூக்கம் கெட்டதா, யாரோடு சண்டை. கடைசி மூன்று வாரங்களில் பட்டியலில் எளியதிலிருந்து தொடங்கி ஆலோசகரோ குடும்பத்தில் ஒருவரோ உடன் சென்று, பகலில், கையில் பணமில்லாமல், அந்த இடத்தைக் கடக்கட்டும். வேட்கை எழுந்தால் அது ஏறி இறங்கும்வரை அருகில் பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து, 10-க்கு எவ்வளவு என்று 5 நிமிடத்துக்கு ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். உச்சத்தில் இருக்கும்போதே அழைத்து வந்துவிட்டால் தப்பித்தால்தான் தணியும் என்ற தவறான பாடம் ஏறிவிடும். ஒரே இடத்துக்கு ஒரு முறை போதாது. வெவ்வேறு நேரங்களிலும் போய்வர வேண்டும். ஊசி, தகடு போன்ற கருவிகளைத் தொட வைக்கும் பயிற்சியைப் பயிற்சி பெற்ற மருத்துவக் குழு இல்லாத மையங்கள் முயலவே கூடாது.

நினைவையே மாற்றும் ஆய்வுகளும் நடக்கின்றன. அவற்றைப் பற்றி உங்களுக்கு விளம்பரங்கள் வரத் தொடங்கும் என்பதால் சொல்கிறோம். ஒரு நினைவை மீட்டெடுத்ததும் அது சில மணி நேரம் இளகி, பிறகு மறுபடி உறைகிறது என்று கரீம் நாடர், கிளென் ஷாஃபே, ஜோசப் லெடூ மூவரும் 2000-இல் எலிகளின் அச்ச நினைவில் காட்டினார்கள். புரத உருவாக்கத்தைத் தடுக்கும் மருந்தை மீட்டெடுத்த உடனே அமிக்டலாவில் செலுத்தியபோது நினைவு குலைந்தது. 6 மணி நேரம் கழித்துச் செலுத்தியபோது குலையவில்லை. இதையே மருந்தில்லாமல் மனிதரிடம் செய்து பார்த்தார்கள் பெய்ஜிங் ஆய்வாளர்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில், ஹெராயினை நிறுத்தியிருந்தவர்களுக்கு 5 நிமிடக் காணொளியால் நினைவைக் கிளறி, 10 நிமிடம் விட்டு, ஒரு மணி நேரம் போதைப்பொருள் தராமல் தூண்டலை மட்டும் காட்டும் பயிற்சி கொடுத்தார்கள், இரண்டு நாள். 180 நாள் கழித்தும் வேட்கை குறைவாகவே இருந்தது. இடைவெளியை 10 நிமிடத்துக்குப் பதில் 6 மணி நேரமாக வைத்த குழுவில் அந்தப் பலன் இல்லை. லண்டனில் 2019-இல் அளவுக்கு மீறிக் குடிக்கும் 90 பேரிடம் நடந்த ஆய்வில், பீரைக் கையில் கொடுத்துக் குடிக்கப் போகும் தருணத்தில் எதிர்பாராமல் திரும்ப வாங்கி, உடனே கெட்டமின் என்ற மயக்க மருந்தை ஏற்றியபோது குடி குறைந்து, மாதக்கணக்கில் நிலைத்தது.

இவை அழகான ஆய்வுகள். எங்களுக்கு இவற்றில் பெரும் நம்பிக்கை உண்டு. ஆனால் இன்று உங்கள் மையத்தில் செய்யத் தக்கவை அல்ல. பெய்ஜிங்கில் அளந்தது வேட்கையையும் இரத்த அழுத்தத்தையும்தான். மறுபடி எடுத்தார்களா என்பதையல்ல. லண்டனில் இருந்தவர்கள் சிகிச்சை தேடி வந்த நோயாளிகள் அல்லர். எதிர்பார்ப்பு ஏமாறாவிட்டால் நினைவு இளகாமலே இருந்துவிடலாம். பழைய, ஆழமான நினைவு இளகுவது இன்னும் கடினம். அப்போது நீங்கள் செய்வது வேட்கையைக் கிளறி விடுவது மட்டுமே. அச்ச நினைவில் இதே முறையை வேறு ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்காத நிகழ்வுகளும் உண்டு. "போதை நினைவை அழிக்கிறோம்" என்று யார் கட்டணம் கேட்டாலும் கதவை மூடுங்கள்.

இன்றே செய்யத் தக்கது ஒன்று இருக்கிறது, அதற்கு மருந்துச் செலவும் இல்லை. அடிப்பதை, கட்டி வைப்பதை, தனியறையில் பூட்டுவதை எந்த மையம் செய்தாலும் உடனே நிறுத்த வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியையும் தனிமைச் சிறையையும் தடை செய்கிறது; மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. மனித மாண்புக்காகவே நிறுத்த வேண்டியதுதான். மூளை ஆய்வும் அதையே சொல்கிறது. ஹெராயின் தேடுவதை விட்டுவிட்ட எலிகளின் காலில் சிறிது நேரம் விட்டுவிட்டு மின் அதிர்ச்சி கொடுத்தபோது, வாரக்கணக்கில் பொருளே இல்லாமல் இருந்தவைகூட மறுபடி நெம்புகோலுக்குப் போயின என்று 1995-இல் ஷஹாமும் ஜேன் ஸ்டூவர்ட்டும் காட்டினார்கள். வலியும் அவமானமும் பழைய நினைவை எழுப்பும் தூண்டல்கள். 2018-இல் வெனிரோவும் ஷஹாமும் இதன் மறுபக்கத்தைக் கண்டார்கள். மெத்தம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளுக்கும் இன்னொரு எலியின் துணைக்கும் இடையே தேர்ந்தெடுக்க விட்டபோது, எலிகள் துணையைத் தேர்ந்தெடுத்தன. அப்படித் தாமாக விலகியிருந்த எலிகளிடம் வேட்கை அடைகாத்து வளரவில்லை. வலிந்து விலக்கி வைக்கப்பட்டவற்றிடம் வளர்ந்தது. குடும்பச் சந்திப்பையும் தொலைபேசி அழைப்பையும் தண்டனையாக நிறுத்துவது, பலன் தருவதையே பிடுங்குவதாகும்.

ஆணையத்தின் அலுவலர்களுக்கு: சட்டத்தின் 98-ஆம் பிரிவு வெளியே அனுப்பும் முன் திட்டமிடுவதைக் கட்டாயமாக்குகிறது. நோயாளியோடும், அவர் யாருடன் வாழப்போகிறாரோ அவரோடும் மனநல மருத்துவர் கலந்து பேச வேண்டும். ஆய்வுக்குச் செல்லும்போது படுக்கை எண்ணிக்கையையும் கழிப்பறையையும் பார்ப்பதோடு, கடைசியாக வெளியே சென்ற பத்து பேரின் கோப்புகளைக் கேளுங்கள். தூண்டல் பட்டியல் இருக்கிறதா? தாங்குதிறன் எச்சரிக்கையில் நோயாளியும் குடும்பத்தாரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா? ஓபியாய்டு நோயாளியானால் பியூப்ரினார்ஃபின் எங்கே தொடர்கிறது, நலாக்சோன் கொடுக்கப்பட்டதா? முதல் வாரம் நாள்தோறும், அடுத்த மூன்று வாரம் வாரம் இருமுறை, பிறகு ஆறு மாதம்வரை மாதந்தோறும் மையத்திலிருந்து அழைத்ததற்குத் தேதியிட்ட பதிவு இருக்கிறதா? மறுபடி எடுத்துவிட்டேன் என்று சொன்னவரைத் திட்டாமல் அதே நாளில் பார்க்க ஏற்பாடு உண்டா? வெளியே சென்ற பின் இறந்தவர்களின் எண்ணிக்கையை மையம் வைத்திருக்கிறதா? பதிவைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்திலேயே இந்தக் கேள்விகளைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நினைவாற்றல் ஆய்விலும் போதைச் சார்புச் சிகிச்சையிலும் ஈடுபட்டிருப்போர்